பேராதனையின் பூவும் பழமும்

பேராதனைத் தாவரவியல் தோட்டத்தில் ஹார்மானிஸ் த அல்விஸ் என்ற சிங்கள ஓவியர் 38 ஆண்டுகள் ஒரே வேலையைச் செய்தார். காட்டிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ வெட்டி வந்த கொப்பு ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, அது வாடிப்போகுமுன் அதன் இலையையும் பூவையும் காயையும் வெள்ளைக் கடதாசியில் நீர்வண்ணத்தால் இறக்கிவைப்பதுதான் அந்த வேலை. 1820களின் தொடக்கத்தில் சேர்ந்தவர் 1861இல் ஓய்வுபெற்றார். அதற்குள் அவர் வரைந்தவை இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டன. அதே நூற்றாண்டில் பூவையும் பழத்தையும் வரைந்து பெயரெடுத்த பிரெஞ்சு ஓவியர்களை நம் சித்திரபாட மாணவர்கள் அறிவார்கள். ஹார்மானிஸை அறிந்தவர்கள் பெரும்பாலும் தாவரவியலாளர்கள்தான். அவர் விட்டுச்சென்றவற்றைச் செடிகளைப் பற்றிய தகவலாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். அவை ஓவியங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூவும் பழமும் எப்படி வரையப்பட்டன என்று இலங்கையில் யாராவது கேட்டால் முதலில் எடுத்து வைக்க வேண்டியவை அவையே.

ஐரோப்பாவில் நிலைப்பொருள் ஓவியம் நெடுங்காலம் கடைசி வரிசையில் நின்றது. 1660களில் பாரிஸ் கலைக்கழகத்துக்காக ஆந்த்ரே ஃபெலிபியன் ஓவிய வகைகளைத் தரம்பிரித்தபோது புராணமும் வரலாறும் உச்சியில் இருந்தன. அசையாத பொருட்களை வரைவது அடியில் கிடந்தது. பெண்கள் தடையின்றி நுழையக்கூடிய துறையாக அது இருந்ததற்கும் இந்தத் தாழ்வே ஒரு காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. வசதி வந்த நடுத்தர வர்க்கத்தின் சாப்பாட்டறைச் சுவருக்கு அளவான, விலையும் கட்டுப்படியான படங்கள் தேவைப்பட்டன. ஹென்றி ஃபான்தன்-லதூர் வரைந்த ரோசாக்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில்தான் விற்றன. மனே தம் கடைசி நோயின் மாதங்களில் கண்ணாடிச் சாடியில் வைத்த சிறு பூங்கொத்துகளை வரைந்துகொண்டிருந்தார். செசானுக்கு அப்பிள்களே போதுமாக இருந்தன. இவர்களுக்குள் எத்தனையோ வேறுபாடு உண்டு. ஆனாலும் எல்லோர் படத்திலும் ஒரு மேசை இருக்கிறது, பொருட்களின் நிழல் அதன்மேல் விழுகிறது. பூ அங்கே ஒருவரின் வீட்டுக்குள் வந்துவிட்ட பூ.

கொழும்பில் அந்த மேசை வேரூன்றவில்லை. இங்கிருந்த பிரித்தானிய அதிகாரிகள் சில ஆண்டுகளில் ஊர் திரும்புகிறவர்கள். அவர்கள் கொண்டுபோக விரும்பியவை மலையும் கடலும் இடிந்த விகாரைகளும் இருந்த நிலக்காட்சிகள். உள்ளூர்ச் செல்வர்களுக்கு வேண்டியிருந்தவை தம் உருவப்படங்கள். ஈரக் காற்றில் எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காயும், துணியில் பூஞ்சணம் பிடிக்கும். பழங்களும் அந்தச் சட்டத்துக்கு இணங்கவில்லை. பலா மரத்தின் அடிமரத்திலேயே காய்த்துத் தொங்கும் பழத்தை எந்தத் தட்டில் வைப்பது? பூவைச் சாடியில் செருகிப் பார்த்துக்கொண்டிருப்பதும் நம் வழக்கமன்று. விகாரையிலும் கோயிலிலும் பூ காம்பு நீங்கிப் படைக்கப்படுகிறது, தொடுத்துச் சாத்தப்படுகிறது. கண்டிக்கால விகாரைச் சுவர்களில் மனிதருக்கும் யானைக்கும் இடையே எஞ்சும் சிவப்பு வெளியெங்கும் பூக்கள் மிதக்கின்றன. அவற்றுக்கு நிழலும் இல்லை, நிற்க நிலமும் இல்லை. பேராதனைப் படங்களைப் பார்க்கும்போது அந்தச் சுவர்கள் எனக்கு நினைவுக்கு வருவதுண்டு. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று சொல்ல வரவில்லை. பூவை மேசையில் வைக்காமலே முழுமையாகக் காட்டலாம் என்று நம்பிய கண்கள் இரண்டு இடத்திலும் வேலை செய்தன என்பதை மட்டும் குறிக்கிறேன்.

இந்தக் கதை தொடங்கியது கொழும்பில்தான். சேர் ஜோசப் பாங்க்ஸின் யோசனையின்படி 1810இல் கொம்பனித்தெருவில் ஒரு தாவரவியல் தோட்டம் அமைந்தது. இலண்டன் கியூ தோட்டத்தின் பெயரையே அதற்கும் வைத்தார்கள். தோட்டம் போய்விட்டது, கியூ வீதி இன்றும் இருக்கிறது. கன்டனிலிருந்து சீனச் செடிகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவந்த வில்லியம் கெர் அதன் பொறுப்பாளராக வந்து, 1814இல் இங்கேயே இறந்தார். வெள்ளம் தேங்கும் அந்த நிலம் சரிப்படாததால் தோட்டம் களுத்துறைக்குப் போனது. அங்கிருந்து 1821இல் அலெக்சாண்டர் மூன் அதைப் பேராதனையில் மகாவலியின் வளைவுக்குக் கொண்டுபோனார். 1824இல் அவர் வெளியிட்ட இலங்கைத் தாவரப் பட்டியல் கொழும்பு வெஸ்லியன் மிஷன் அச்சகத்தில் அச்சானது. அதில் இலத்தீன் பெயர்களோடு சிங்களப் பெயர்களும் இருந்தன. மறு ஆண்டே மூன் இறந்துவிட்டார். ஹார்மானிஸ் அவர் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்.

ஒரு தோட்டத்துக்கு எதற்குச் சம்பளம் கொடுத்து ஓவியர்? விடை வெப்ப நாட்டுச் செடிகளின் உடலில் இருக்கிறது. ஐரோப்பியத் தாவரவியல் உலர்த்தி அழுத்திய மாதிரிகளை நம்பி வளர்ந்தது. புல்லையும் இலையையும் அப்படி அழுத்தலாம். ஓர்க்கிட் பூவை அழுத்தினால் பழுப்புநிறக் கறை ஒன்றே மிஞ்சும். அதன் உதடு எப்படி வளைந்திருந்தது, உட்புறம் என்ன புள்ளி இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. சதைப்பற்றுள்ள பழங்களை அழுத்தவே முடியாது. மங்குஸ்தானையும் ஈரப்பலாவையும் தாள்களுக்கிடையே வைப்பது எப்படி? சாராயத்தில் போட்டால் வடிவம் தங்கும், நிறம் கரைந்துவிடும். எனவே நிறமும் சதையும் வேண்டுமென்றால் ஓவியர்தான் வழி. பூவும் பழமும் இங்கே வரையப்பட்டதற்கு அலங்கார ஆசை காரணமில்லை, வேறு வகையில் அவற்றைக் காப்பாற்ற முடியாது என்பதே காரணம்.

அந்த வேலை எப்படி நடந்திருக்கும் என்பதைப் படங்களே காட்டிக்கொடுக்கின்றன. கொப்பு உயிரளவில் இருக்கிறது. அளவுகோலால் அளந்து குறைத்த படங்களில் வரும் இறுக்கம் அதில் இல்லை. முதலில் மெல்லிய பென்சில் கோடு. நன்றாகத் திறந்த பூவே முதலில் முடிய வேண்டும், ஏனெனில் அதுதான் முதலில் சாயும். மொட்டு மாலைக்குள் மலர்ந்துவிடக்கூடும், ஆகவே அடுத்தது மொட்டு. இலைகள் பொறுக்கும். ஒரு இலைக்கு மட்டும் முழு வண்ணம் கொடுத்து மற்றதைக் கோட்டோடு விட்டுவைப்பது தாவர ஓவியர் எல்லோருக்கும் தெரிந்த வழி. ஒரே செடியில் பூவும் பழமும் ஒரே நாளில் கிடைப்பதில்லை. பூவை ஒரு பருவத்தில் வரைந்து, பழத்துக்கு இடம் விட்டு, மாதங்கள் கழித்து அதே தாளை எடுத்து முடிக்க வேண்டும். படத்தின் அடியில் பூவைப் பிளந்து வைத்த துண்டுகள் இருக்கும்: ஒரு மகரந்தக் காம்பு, குறுக்கே வெட்டிய சூலகம், பழத்தின் பாதி, விதை. பூதக்கண்ணாடிக்குக் கீழே பார்த்து, பெருக்கி வரைந்தவை அவை.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். இயற்கையில் எந்த ஒரு நாளும் அந்தக் கொப்பு அப்படி இருந்ததில்லை. மொட்டும் மலரும் காயும் பழமும் ஒரே தாளில் கூடியிருப்பது ஓவியர் கட்டியமைத்த காலம். பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தப் பூங்கொத்து ஓவியங்களும் இதையே செய்தன. வசந்தத்தின் டியூலிப்பும் கோடையின் ரோசாவும் ஒரே சாடியில் நின்றன. ஆனால் அங்கே பருவங்கள் கலந்தது செல்வத்தையும் வாழ்வின் நிலையாமையையும் காட்டுவதற்கு. பேராதனையில் அவை கலந்தது ஒரு செடியின் வாழ்வை ஒரே பார்வையில் தருவதற்கு. இலையில் பூச்சி அரித்த துளை வந்தாலும் அது உபதேசம் ஆகாது. அந்த நாளில் அந்த இலை அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

கையின் திறமையை அறிய வெள்ளைப் பூவைப் பார்க்க வேண்டும். நாகப்பூவுக்கு நான்கு வெள்ளை இதழ், நடுவே மஞ்சள் மகரந்தக் கூட்டம். ஃபான்தன்-லதூர் வெள்ளை ரோசாவை வரைந்தபோது பின்னணியைச் சாம்பல் பழுப்பாக்கிக்கொண்டார், பூ தானாக ஒளிர்ந்தது. வெள்ளைக் கடதாசியில் வெள்ளைப் பூவை வரைகிறவருக்கு அந்த வசதி இல்லை. நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தொடாமல் விட்ட தாள்தான். இதழின் மடிப்பில் மிக இலேசான பச்சைச் சாம்பல் ஒரு கீற்று, விளிம்பில் முடியளவு கோடு, ஒரு இதழுக்குப் பின்னால் இலை வருமாறு கொப்பைத் திருப்பி வைக்கும் யோசனை. இவ்வளவால்தான் அந்தப் பூ தாளிலிருந்து பிரிந்து நிற்க வேண்டும். சற்று அதிகம் நிழல் போட்டால் அழுக்காகிவிடும். குறைத்தால் பூவே காணாமல் போகும். கடதாசியில் ஈரம் பட்டபின் தவறை அழிக்கவும் வழியில்லை. இப்படிப்பட்ட ஒரு படத்தை முடிக்கக் கூடியவரைப் படவரைஞர் என்று மட்டும் பதிவேட்டில் எழுதிவைத்தது நிர்வாகத்தின் சௌகரியம். அதைக் கலைவரலாறும் அப்படியே ஏற்றுக்கொண்டதுதான் எனக்கு வருத்தம்.

வண்ணப் பெட்டிக்கும் இலங்கைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அக்கால நீர்வண்ணத்தில் ஒளிபுகும் மஞ்சளுக்கு முதன்மையானது கம்போஜ் என்ற மரப்பிசின். நம் சித்த வைத்தியத்தில் அதற்கு இரேவல்சின்னிப்பால் என்று பெயர். இலண்டன் தோட்டக்கலைச் சங்கத்துக்காகப் பழங்களை வரைந்த வில்லியம் ஹூக்கர் இந்த மஞ்சளோடு பிரஷ்ய நீலத்தைச் சேர்த்து இலைகளுக்கென்று ஒரு பச்சையை உண்டாக்கினார். ஹூக்கர் பச்சை என்ற பெயரில் இன்றும் கடைகளில் அந்த நிறம் கிடைக்கிறது. கியூ தோட்டத்தை ஆண்ட ஹூக்கர்கள் வேறு. இவர் பழ ஓவியர். கம்போஜ் வெளிச்சத்தில் மங்கக்கூடியது. மஞ்சள் போனால் நீலம் மிஞ்சும். பழைய பூப்படங்களில் இலைகள் சில வேளை நீலம் பாரித்துத் தெரிவதன் காரணம் இதுதான்.

கம்போஜின் பெரும்பகுதி சீயத்திலிருந்து வந்தது. எந்த மரத்தின் பால் அது என்பதில் ஐரோப்பாவில் நெடுநாள் குழப்பம். 1836இல் எடின்பரோ பேராசிரியர் றொபர்ட் கிரகாம் இலங்கைக் கம்போஜ் மரத்தை அடையாளம் காட்டி எழுதினார். அவருக்கு மாதிரிகளை அனுப்பியவர் இலங்கையில் இருந்த திருமதி வோக்கர், கேணல் வோக்கரின் மனைவி அன்னா மரியா. நம் மீன்குழம்புக்குப் போடும் கொறுக்காயின் இனத்தைச் சேர்ந்த மரம்தான் அது. அன்னா மரியா இலங்கை ஓர்க்கிட்டுகளைத் தாமே வரைந்தவர், சிவனொளிபாத மலையில் ஏறிய பயணத்தைக் குறிப்பாக எழுதி வெளியிட்டவர். படைத்தலைவர்களின் மனைவியர் பொழுதுபோக்காகப் பூ வரைந்தார்கள் என்று ஒரு வரியில் தள்ளிவிடும் வழக்கம் இருக்கிறது. வண்ணப் பெட்டியைத் திறந்த அதே கை, அந்த வண்ணம் வந்த மரத்தின் கிளையையும் வெட்டிப் பொதிசெய்து கப்பலேற்றியது என்பதை வைத்துப் பார்த்தால் அந்த வழக்கம் எவ்வளவு தவறானது என்பது விளங்கும்.

கொழும்பு நகரத்துக்குள் பூவை வரையத் தெரிந்த ஒருவர் ஆசிரியராகவே இருந்தார் என்பது பலர் கவனத்துக்கு வராத செய்தி. பெல்ஃபாஸ்டில் 1804இல் பிறந்த அன்ட்ரூ நிக்கல் 1846இல் கொழும்பு அக்கடமியில் சித்திரம் கற்பிக்க வந்தார். பின்னாளில் றோயல் கல்லூரியான அந்தப் பள்ளி அப்போது புதுக்கடைப் பக்கம் சென் செபஸ்தியான் மேட்டில் இருந்தது. நான் இதை எழுதும் தெமட்டகொடையிலிருந்து மருதானையைத் தாண்டினால் வந்துவிடும் தூரம். அயர்லாந்தில் நிக்கல் பெயரெடுத்தது ஒரு தனி வகைப் படத்தால். முன்னால் பொப்பியும் டெய்சியும் நெருக்கமாக நிற்கும் காட்டுப்பூ வரப்பு, அந்தத் தண்டுகளின் இடைவெளியில் தூரத்து மலையோ கடற்கரையோ. பார்ப்பவர் புல்லில் குப்புறப் படுத்திருப்பதுபோன்ற கோணம். வெள்ளைப் பூவின் இதழுக்கு அவர் வண்ணம் பூசிய தாளைக் கத்தி முனையால் சுரண்டி வெண்மையை வெளிக்கொணர்ந்தார். ஹார்மானிஸ் தொடாமல் விட்டுப் பெற்ற வெண்மையை இவர் சுரண்டிப் பெற்றார்.

நிக்கலை அழைத்து வந்தவர் குடியேற்றச் செயலாளர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். 1848இல் காடுகளுக்கூடாக ஐந்து வாரம் நிக்கல் பயணம் செய்து வரைந்தார், அதைப் பற்றி டப்ளின் இதழொன்றில் எழுதவும் செய்தார். இலங்கையில் அவர் வரைந்தவற்றில் பாழடைந்த நகரங்களும் காடுமே முன்னால் வந்தன. அயர்லாந்தில் பூவுக்குக் கொடுத்த அந்த முன்னிடத்தை இங்கே கொடுக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்குள் அவருடைய இலங்கைக் காலம் முடிந்துவிட்டது. அவரிடம் கற்ற கொழும்புப் பிள்ளைகளில் ஒருவர் பூ ஓவியராக வளர்ந்திருந்தால் நமக்கு வேறொரு மரபு கிடைத்திருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. மரபு பேராதனையில்தான் தொடர்ந்தது, ஒரு குடும்பத்துக்குள்.

கடலின் அந்தப் பக்கத்திலும் இதே காலத்தில் இதே வேலை நடந்தது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி தம் ஓவியர்களைக் கொண்டு பறவைகளையும் செடிகளையும் வரைவித்துக்கொண்டிருந்தார். தஞ்சைப் பகுதியின் தெலுங்கு ஓவியர் மரபிலிருந்து வந்த ரங்கையாவை, கிழக்கிந்தியக் கம்பனி மருத்துவரான றொபர்ட் வைட் 1820களில் வேலைக்கு அமர்த்தினார். ரங்கையாவின் படங்கள் கிளாஸ்கோவுக்குப் போய், அங்கே இருந்த வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் வெளியிட்ட தாவரவியல் தொகுதியில் அச்சாயின. 1836இல் இலங்கைக்கும் வந்துபோன வைட், இரண்டு ஆண்டுகளின்பின் சென்னையில் கல்லச்சைக் கற்றுத் தாமே வெளியீட்டில் இறங்கினார். 1853 வரை ஆறு தொகுதிகளாக வந்த அவருடைய தென்னிந்தியத் தாவரப் படநூலில் 2101 படங்கள். முதற்பகுதியில் ரங்கையா, பிறகு கோவிந்து. கோவிந்துவின் பெயரால் ஓர் ஓர்க்கிட் பேரினத்துக்கு வைட் பெயரிட்டார். ஊதியம் பெறும் ஓவியரின் பெயரை அறிவியல் பெயராக்குவது அக்காலத்தில் அரிது.

ரங்கையாவின் கைவேலையையும் ஹார்மானிஸின் கைவேலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. ரங்கையா கொப்பைத் தாளில் ஒரு கோலமாகப் பரப்புகிறார். இலைகள் ஒன்றையொன்று மறைக்காமல் ஒழுங்காக விரிந்து நிற்கின்றன, தாளின் பரப்பே அவருக்கு முக்கியம். பேராதனைப் படங்களில் கொப்புக்கு எடை உண்டு, பழம் தொங்கும்போது காம்பு வளைகிறது. இது என் கண்ணின் தீர்ப்பு. வேறொருவர் மாற்றிச் சொல்லலாம். ஆனால் இருவரையும் கம்பனிப் பாணி என்று ஒரே பெட்டியில் போட்டு மூடினால் இந்த வேறுபாட்டைப் பேசவே இடமிராது.

1876இன் இறுதியில் ஜாவாவிலிருந்து மேரியன் நோர்த் இலங்கைக்கு வந்தார். விக்டோரியா அரசியின் பூ ஓவியரான வலன்டைன் பார்த்தலமியூவிடம் பாடம் கேட்டவர், பிறகு நீர்வண்ணத்தை விட்டு எண்ணெய் வண்ணத்துக்கு மாறியவர். களுத்துறையில் நிழற்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமெரோனின் விருந்தினராக இருந்தார். பேராதனையில் அதன் இயக்குநர் த்வெய்ட்ஸ் அவருக்கு உதவினார். கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் இரும்புப்பாதை 1867இல் திறக்கப்பட்டிருந்தது. மருதானை, தெமட்டகொடை, களனி என்று அப்பாதை செல்கிறது. மலைநாட்டுத் தாவரங்களைத் தேடி ரயிலேறிய வெள்ளையர் எல்லோரும் எங்கள் ஊரைச் சன்னல் வழியே கடந்தவர்களே.

நோர்த் செய்தது தாவரப் படமும் இல்லை, சாப்பாட்டறைப் பூங்கொத்தும் இல்லை. பழத்தையும் பூவையும் பெரிதாக முன்னால் வைத்து, அவை வளர்ந்த மண்ணையும் வானத்தையும் பின்னால் எழுதினார். வெட்டிய கொப்புதான், ஆனால் வெள்ளைத் தாளில் மிதக்காமல் தன் காட்டுக்குத் திரும்பிப்போன கொப்பு. 1882இல் தம் சொந்தச் செலவில் கியூ தோட்டத்தில் ஒரு மண்டபம் கட்டுவித்து, காலப்போக்கில் 800க்கு மேற்பட்ட படங்களைச் சுவர் தெரியாமல் மாட்டினார். அந்த நெருக்கம் சிலருக்கு மூச்சுமுட்டும். பச்சையும் சிவப்பும் அடங்காமல் நிற்கும் அந்த வண்ணம் வெப்ப நாட்டின் உண்மைக்கு நெருக்கமானது என்றே நான் நினைக்கிறேன். அவரைப் பற்றி நூல்களும் ஆவணப்படங்களும் வந்துகொண்டே இருக்கின்றன. அவர் பேராதனைக்கு வந்தபோது அங்கே அரைநூற்றாண்டு உழைப்பின் படங்கள் அடுக்கடுக்காய் இருந்தன என்பது அவற்றில் ஓரிரு வரிக்கு மேல் இடம்பெறுவதில்லை.

பழத்துக்கும் முதலிடம் தந்த நூலைத் தேடினால் ஜாவாவுக்குப் போக வேண்டும். கணவனை இழந்து பத்தாவியாவில் வாழ்ந்த பெர்தா ஹூலா வான் நூத்தென் பிழைப்புக்காக வரைந்த படங்கள் 1863இலும் அடுத்த ஆண்டிலும் பிரசல்ஸ் நகரில் 40 வண்ணக் கல்லச்சுத் தகடுகளாக வெளிவந்தன. தூரியான், மங்குஸ்தான், றம்புட்டான் என்று நம் பருவகாலத் தெருவோரக் கடைகளில் குவியும் பழங்கள் அவற்றில் உண்டு. அவர் பழத்தைக் கொப்போடு தொங்கவிட்டு, பக்கத்தில் ஒன்றைப் பிளந்தும் வைத்தார். மங்குஸ்தானின் ஊதாத் தோலுக்குள் வெள்ளைச் சுளைகள் அடுக்கியிருப்பதைக் காட்டுவது அறிவியலுக்கும் வேண்டும், நாக்குக்கும் வேண்டும். தாவரப் படமும் நிலைப்பொருள் ஓவியமும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் இந்தப் பிளந்த பழம்தான். ஐரோப்பிய மேசைகளில் பாதி உரித்த எலுமிச்சையின் தோல் சுருண்டு தொங்கும். அங்கே அது ஓவியரின் வித்தையைக் காட்டும் சாக்கு. இங்கே உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத கண்ணுக்கு அது விடை.

பேராதனைப் படங்கள் நெடுங்காலம் அச்சேறவில்லை. த்வெய்ட்ஸ் 1858 முதல் 1864 வரை வெளியிட்ட இலங்கைத் தாவரங்களின் தொகுப்பு படங்களில்லாத நூல். ஹார்மானிஸின் இடத்துக்கு அவர் மகன் வில்லியம் வந்தார். வில்லியமும் சகோதரர் ஜோர்ஜும் இலங்கையின் பட்டாம்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் அவற்றின் புழுக்களோடும் உணவுச் செடிகளோடும் உயிரிலிருந்தே வரைந்தார்கள். இலண்டனில் 1880 முதல் 1887 வரை ஃபிரடெரிக் மூர் வெளியிட்ட மூன்று தொகுதிகளுக்கு அவைதான் அடிப்படை. தந்தையின் கொப்பில் பூவும் காயும் இருந்தன, பிள்ளைகளின் கொப்பில் அதைத் தின்னும் புழுவும் வந்து சேர்ந்தது. த்வெய்ட்ஸுக்குப் பின் தோட்டத்தின் இயக்குநரான ஹென்றி டிரிமன் 1893இல் தொடங்கிய இலங்கைத் தாவரக் கையேட்டுக்குப் பேராதனைச் சேகரத்திலிருந்து 100 படங்கள் தெரிவாகின. 1896இல் டிரிமன் இறந்தபின் ஜோசப் டால்டன் ஹூக்கர் நூலை முடித்தார், 1900இல் கடைசிப் பகுதி வந்தது. ஹார்மானிஸின் கொப்புகள் பொதுமக்கள் கண்ணுக்கு வந்தது இப்படி, வரைந்து பல பத்தாண்டுகள் கழித்து, இரண்டாயிரத்தில் மிகச் சிறு பங்காக. கல்லச்சுக்குப் போகும்போது கோடு இன்னொருவர் கைக்கு மாறுகிறது, வண்ணமும் அச்சகத்தின் வண்ணம் ஆகிறது. அச்சுப் பிரதியை மட்டும் பார்த்து ஹார்மானிஸை எடைபோடுவது நியாயமாகாது.

இவற்றை நிலைப்பொருள் ஓவியம் என்று சொல்லலாமா என்ற ஆட்சேபம் வரும். ஓவியரின் தெரிவு எங்கே, செடியைத் தெரிந்தவர் தாவரவியலாளர் அல்லவா என்பார்கள். உண்மைதான், இன்ன செடி என்று சொன்னவர்கள் மூன், அவருக்குப் பின் தோட்டத்தை நடத்திய கார்ட்னர், த்வெய்ட்ஸ். அந்தச் செடியின் எந்தக் கொப்பு, அதை எந்தப் பக்கம் திருப்புவது, எந்த இலையை மடக்கிக் காட்டுவது, பழம் தாளின் எந்த மூலையில் கனக்க வேண்டும் என்பவை ஓவியர் எடுத்த முடிவுகள். ஃபான்தன்-லதூரின் ரோசாக்களையும் அவர் விரும்பியபடி தோட்டம் மலர்விக்கவில்லை, அன்று வந்ததை அவர் வரைந்தார். வாங்குபவர் சொல்லி வரைந்த தேவாலயச் சுவரோவியங்களைக் கலை என்று ஏற்பவர்கள் மேலதிகாரி சொல்லி வரைந்த கொப்பை மட்டும் விலக்கிவைக்கக் காரணமில்லை. மாதச் சம்பளம் ஒருவரின் கண்ணைக் குருடாக்கிவிடுவதில்லை.

இன்னொரு ஆட்சேபத்தில் வலு அதிகம். இந்தப் படங்கள் ஏகாதிபத்தியத்தின் கணக்கெடுப்பு. கறுவாவும் கோப்பியும் சிங்கோனாவும் எங்கே விளையும் என்று ஆராய்ந்த அதே தோட்டம்தான் இவற்றையும் சேகரித்தது. மறுக்க முடியாது. கோப்பிக்காகக் காடழிந்த மலைகளில் கூலிகளாக வந்து சேர்ந்த தமிழர்களின் வரலாறும் அதே பேராதனை வழியே ஏறிப் போகிறது. ஹார்மானிஸ் வரைந்த மலைக்காட்டுச் செடிகளில் சில, அவர் ஓய்வுபெறுமுன்னரே தோட்டங்களுக்கு இடம்விட்டு ஒதுங்கத் தொடங்கியிருக்கும். அந்தப் படங்களை இன்னும் நெருங்கிப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகிறது. நிலையாமையைச் சொல்ல ஒல்லாந்த ஓவியர்கள் மண்டையோட்டையும் மணற்கடிகாரத்தையும் பூவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பேராதனைக் கொப்புக்குப் பக்கத்தில் அப்படி எதுவும் தேவைப்படவில்லை, காடே போய்க்கொண்டிருந்தது.

பெயர்களின் கணக்கு இன்று இப்படி இருக்கிறது. கோவிந்துவுக்காக வைட் இட்ட ஓர்க்கிட் பேரினம் வேறொரு பேரினத்தில் அடங்கி வழக்கொழிந்தது. த அல்விஸ் பெயர் நிலைத்தது. மரப்பட்டையில் இலையே இல்லாமல் பச்சை வேர்களால் மட்டும் வாழும் சிறு ஓர்க்கிட் ஒன்றுக்கு ஓர்க்கிட் அறிஞர் லிண்ட்லி இட்ட டீனியோபில்லம் அல்விசியை என்ற பெயரை இன்றும் தாவரவியலாளர் பயன்படுத்துகிறார்கள். இலங்கைப் பூஞ்சைகளை ஆராய்ந்த பெர்க்லியும் புரூமும் 1873இல் அமைத்த அல்விசியா என்ற பேரினமும் வழக்கில் உள்ளது. டிரிமனின் படங்கள் காப்புரிமை நீங்கி இணையத்தில் கிடைக்கின்றன. மூலப் படங்களின் சேகரம் பேராதனைத் தேசிய உலர்தாவரக் காப்பகத்தில் இருக்கிறது. உயர்தரச் சித்திரப் பாடத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வரும்போது மனேயின் சாடிக்கு அடுத்த பக்கத்தில் ஹார்மானிஸின் கொப்பு ஒன்றை வைக்கத் தடையாக எதுவும் இல்லை. ஆசிரியர் செய்ய வேண்டியது, பிள்ளைகளிடம் செடியின் பெயரை முதலில் சொல்லாமல், அந்த வெள்ளை இதழ் வெள்ளைத் தாளில் எப்படித் தெரிகிறது என்று கேட்பதுதான்.